நிழலோடு நகர்ந்த மதியம்

இன்று காலை நாலரைக்கே நெற்றி விளக்கைக் கட்டிக்கொண்டு நடக்கக் கிளம்பிவிட்டோம். வெயில் ஏறுவதற்குள் பாதித் தூரம் கடந்தாக வேண்டும். நாங்கள் நாலு பேரும் மூன்று வாரம் முன்புவரை முன்பின் அறியாதவர்கள். இப்போது காலடிச் சத்தத்தை வைத்தே பின்னால் வருவது யார் என்று சொல்லிவிடுவேன்.

அடுத்த தண்ணீர் 22 கிலோமீட்டர் தள்ளி. ஆளுக்கு 5 லிட்டர், அதாவது முதுகில் கூடுதலாக 5 கிலோ. பத்து மணிக்கெல்லாம் தரை கொதித்தது. வறண்ட காற்றில் வியர்வை வழிவதற்குள் காய்ந்துவிடுகிறது. பையின் தோள்வாரில் வெள்ளை வெள்ளையாக உப்புக் கோடுகள்தான் மிச்சம்.

எங்களில் இளையவள் திடீரென்று பேச்சை நிறுத்திவிட்டாள். தலைவலி, குமட்டல். தண்ணீர் குடித்துக்கொண்டுதான் வந்தாள், ஆனால் காலையிலிருந்து சாப்பிடவில்லை. வெறும் தண்ணீராகவே குடித்தால் இரத்தத்தில் சோடியம் இறங்கிவிடும், அதுவும் ஆபத்துதான். கண்ணுக்கெட்டிய தூரத்தில் ஒரே ஒரு மரம். அங்கே படுக்கவைத்து, கழுத்தில் ஈரத்துணி போட்டு, கொஞ்சம் உப்புத் தின்பண்டமும் தாது உப்புக் கரைசலும் மடக்கு மடக்காகக் கொடுத்தோம். நிழல் நகர நகர அவளையும் நகர்த்தினோம். ஒருவர் தன் விரிப்பையே நிழலுக்காகப் பிடித்துக்கொண்டு நின்றார், கை மாற்றக்கூட விடவில்லை.

நாலு மணிக்கு எழுந்து உட்கார்ந்து, “சரி, போகலாமா?” என்றாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அவள் பையிலிருந்த கனத்தை மூன்றாகப் பிரித்துக்கொண்டோம். அப்புறம் மெதுவாக, அவள் நடைக்கு நடந்தோம். இப்போது பக்கத்துக் கூடாரத்தில் நன்றாகத் தூங்குகிறாள்.