எங்க முதியோர் இல்லத்துல எல்லாருக்கும் ஃப்ளூ ஊசி போட்டோம், அப்புறமும் ஃப்ளூ வந்துச்சு – என் அனுபவம்

நான் ஒரு முதியோர் பராமரிப்பு இல்லத்துல நர்ஸ் இன்சார்ஜ். படுத்த படுக்கையா இருக்கறவங்க, மறதி நோய் உள்ளவங்க, சுகர் கிட்னி ஹார்ட்னு எல்லாம் சேர்ந்து இருக்கறவங்கதான் எங்ககிட்ட அதிகம். இந்த தடவை ஃப்ளூ சீசன் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே எல்லாருக்கும் ஊசி போட்டுடணும்னு இறங்கினோம். இதே வேலைய எடுத்து செய்யப்போறவங்களுக்கு உதவும்னு எழுதறேன், ஏன்னா ஊசி குத்தறது இதுல ரொம்ப சின்ன பங்கு, மத்ததெல்லாம்தான் ஆளை அசத்திடும்.

வயசானவங்க உடம்புல தடுப்பூசி சின்ன வயசுக்காரங்களுக்கு வேலை செய்யற அளவுக்கு வேலை செய்யாது, எதிர்ப்பு சக்திக்கும் வயசாயிடுது. அதுக்காகவே 65 வயசுக்கு மேல உள்ளவங்களுக்கு ஹை டோஸ் ஊசி இருக்கு, சாதா ஊசியில ஒவ்வொரு வைரஸ் வகைக்கும் 15 மைக்ரோகிராம் இருக்கும், இதுல 60. அமெரிக்காவுல 823 நர்சிங் ஹோம்ல சில இடத்துல இதையும் சில இடத்துல அதையும் போட்டு ஒப்பிட்டு பார்த்த ஆய்வு 2017ல வெளிவந்துச்சு, மூச்சு சம்பந்தமான பிரச்சனைக்காக ஆஸ்பத்திரியில சேர்றது ஹை டோஸ் போட்ட இல்லங்கள்ல சுமார் 13 சதவீதம் குறைவா இருந்துச்சு. கேக்கறதுக்கு சின்ன நம்பர். ஆனா இந்த வயசுல ஒரு தடவை ஆஸ்பத்திரி போயிட்டு வந்தா, வாக்கர் பிடிச்சு நடந்துட்டு இருந்தவங்க ஸ்ட்ரெச்சர்ல திரும்பி வராங்க, அப்புறம் எழுந்திரிக்கறதே இல்ல. அதை பக்கத்துல இருந்து பார்த்தவங்களுக்கு அது சின்ன நம்பர் இல்ல.

முதல் வேலை சம்மதம் வாங்கறது. தானே முடிவு சொல்ல முடியறவங்ககிட்ட நேரா அவங்ககிட்டயே உக்காந்து பேசினோம், பிள்ளைங்க கையெழுத்து போட்டா போதும்னு நினைக்கக்கூடாது, ஊசி அவங்க உடம்புலதான் போகுது. மறதி முத்தினவங்களுக்கு குடும்பத்துல பொறுப்புல இருக்கறவங்ககிட்ட கேட்டோம். ஃபார்ம் மட்டும் அனுப்பினா வராது, போன் பண்ணி பேசணும், அவங்க வேலை முடிஞ்சு வீட்டுக்கு வந்த நேரமா பார்த்து பேசணும். திரும்பத் திரும்ப வர கேள்வி, ஊசி போட்டாலே காய்ச்சல் வருதே சிஸ்டர்னு. நாங்க போடற ஊசியில உயிருள்ள வைரஸ் கிடையாது, அதால ஃப்ளூ வர வழியே இல்ல, கை வலியும் லேசான காய்ச்சலும் உடம்பு எதிர்ப்பை தயார் பண்றதால வர்றது, ஒண்ணு ரெண்டு நாள்ல போயிடும். போன வருஷம்தானே போட்டோம்னு அடுத்த கேள்வி. வைரஸ் மாறிட்டே இருக்கு, போட்ட ஊசியோட பலனும் சில மாசத்துல இறங்கிடுது, அதான் வருஷா வருஷம்.

ஒரு மகள் கேட்டாங்க, எங்க அம்மா கட்டில விட்டே இறங்கறதில்ல, அவங்களுக்கு எங்கேருந்து தொத்தப்போகுதுன்னு. ரொம்ப நியாயமான கேள்வி. அந்த அம்மா வெளிய போறதில்ல, ஆனா குளிப்பாட்டறவங்க, ஊட்டி விடறவங்க, பெட்ஷீட் மாத்தறவங்க, மாத்திரை குடுக்கற நாங்க, பிசியோ பண்றவர்னு எத்தனை பேர் உள்ள போயிட்டு போயிட்டு வர்றோம், அவங்களுக்கு வைரஸை கொண்டு போறது நாங்கதான். 2021 மார்ச்ல அமெரிக்காவுல கென்டக்கி மாநிலத்துல ஒரு நர்சிங் ஹோம்ல இப்படித்தான் கொரோனா பரவுச்சு, அங்க இருந்த முதியவங்கள்ல 90 சதவீதம் பேர் ஊசி போட்டிருந்தாங்க, ஊழியர்கள்ல பாதிக்கு கொஞ்சம் மேலதான், ஊசி போடாத ஒரு ஊழியர் மூலமா உள்ள வந்துச்சு.

அதனால எங்க பாதி முயற்சி ஸ்டாஃப் பக்கம்தான் போச்சு, அதுதான் கஷ்டமும். மெமோ ஒட்டறது, திட்டறது எதுவும் பலிக்காது. ஏன் போட்டுக்கலைன்னு ஒவ்வொருத்தர்கிட்டயும் தனியா கேட்டப்பதான் நிஜமான காரணம் வந்துச்சு. நைட் ஷிஃப்ட்காரங்க, பகல்ல ஊசி போட்டா நாங்க தூங்கறதா வர்றதான்னாங்க. சமையல்ல இருக்கறவங்க, எங்களை யாரும் கூப்பிடவே இல்லன்னாங்க. நிறைய பேருக்கு பயம், மறுநாள் உடம்பு வலிச்சு லீவ் போட்டா சம்பளம் போயிடுமேன்னு. ஷிஃப்ட் மாறற நேரத்துல இங்கயே ஊசி, மறுநாள் முடியலைன்னா சம்பளத்தோட லீவ், ஒரே விங்ல எல்லாருக்கும் ஒரே நாள்ல போடாம பிரிச்சு போடறதுன்னு நிர்வாகத்துகிட்ட பேசி வாங்கினதும் பாதி எதிர்ப்பு தானா கரைஞ்சுடுச்சு. கர்ப்பமா இருந்த ஒரு பொண்ணு தயங்கினா, கர்ப்பத்துல எந்த மாசத்துலயும் ஃப்ளூ ஊசி போடலாம், போட்டுக்கறதுதான் நல்லது, ஆனாலும் அவளோட டாக்டர் வாயாலயே கேட்டுட்டு வான்னு சொன்னேன், கேட்டுட்டு வந்து போட்டுக்கிட்டா. கடைசி வரைக்கும் வேணாம்னவங்க சிலர் இருந்தாங்க, அவங்க சீசன் முழுக்க மாஸ்க்கோட வேலை பார்த்தாங்க.

ஊசி போடற நாள் பத்தி சுருக்கமா. மருந்து 2 முதல் 8 டிகிரிக்குள்ள இருக்கணும், உறைஞ்சு போனா தூக்கித்தான் போடணும். ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடறவங்களுக்கு மெல்லிய ஊசி, குத்தின இடத்தை தேய்க்காம குறைஞ்சது 2 நிமிஷம் அழுத்திப் பிடிக்கணும். இது கூடவே ஒவ்வொருத்தரோட கடைசி கிட்னி டெஸ்ட் ரிசல்ட்டையும் ஊசி ரிஜிஸ்டர்லயே எழுதி வச்சோம், அது எதுக்குன்னு கீழ சொல்றேன். ஊசி வேலை செய்ய ரெண்டு வாரம் ஆகும், அதனால சீசன் வந்தப்புறம் ஓடாதீங்க.

சீசன் நடுவுல ஃப்ளூ வந்தது. முதல் ஆளுக்கு காய்ச்சலே இல்ல. நல்லா பேசற தாத்தா திடீர்னு குழம்பினார், சாப்பாட்டை தள்ளிட்டார், பாத்ரூம் போறப்ப சரிஞ்சார். வயசானவங்களுக்கு ஃப்ளூ பல சமயம் இப்படியும் ஆரம்பிக்கும், தெர்மாமீட்டரை மட்டும் நம்பி உக்காரக்கூடாது. அடுத்த நாள் பக்கத்து ரூம்ல ஒரு அம்மாவுக்கு இருமல், டெஸ்ட் பாசிட்டிவ். 72 மணி நேரத்துக்குள்ள ரெண்டு பேருக்கு அறிகுறி வந்து, ஒருத்தருக்கு டெஸ்ட்ல உறுதியாச்சுன்னா பரவல்னே எடுத்துக்கணும். நோய் வந்தவங்களுக்கு உடனே ஓசெல்டாமிவிர்ங்கற ஃப்ளூ மாத்திரை, மத்த எல்லா முதியவங்களுக்கும் ஊசி போட்டிருந்தாலும் சரி போடலைன்னாலும் சரி தடுப்புக்காக அதே மாத்திரை, குறைஞ்சது 2 வாரம், கடைசி கேஸ் வந்து 7 நாள் வரைக்கும். இந்த மாத்திரைக்கு கிட்னி நிலைமைய பார்த்துதான் டோஸ், ரிஜிஸ்டர்ல எல்லாம் தயாரா இருந்ததால டாக்டர் அன்னைக்கு சாயங்காலமே எல்லாருக்கும் எழுதி முடிச்சார். சாப்பாட்டு ஹாலை மூடினோம், அந்த விங்குக்குன்னு தனி ஸ்டாஃப்.

ஊசி போட்டும் வந்துடுச்சே சிஸ்டர்னு எத்தனையோ போன். மேல சொன்ன கென்டக்கி கதையையே சொன்னேன். அங்க ஊசி போட்ட முதியவங்கள்ல நாலுல ஒருத்தருக்கு தொத்துச்சு, போடாதவங்கள்ல நாலுல மூணு பேருக்கு. கொரோனா ஊசியும் ஃப்ளூ ஊசியும் வேற வேற, ஃப்ளூ ஊசியோட பலன் ஒவ்வொரு வருஷமும் மாறும், ஆனா வித்தியாசம் எங்க தெரியும்னு புரிய வைக்க அது உதவுச்சு. எங்க இல்லத்துல அந்த ஒரு விங்கோட நின்னுடுச்சு. ஆஸ்பத்திரி போனவங்க இருக்காங்க, திரும்பியும் வந்துட்டாங்க. ஒரு சீசனை வச்சு ஊசியாலதான்னு நான் அடிச்சு சொல்ல மாட்டேன், மாத்திரையும் இருந்துச்சு, ரூமை பிரிச்சதும் இருந்துச்சு. ஸ்டாஃப்க்கு போட்டா முதியவங்களுக்கு எவ்வளவு பலன்ங்கறதுலயும் ஆய்வுகள் ஒரே மாதிரி சொல்லல, ஸ்காட்லாந்துல கிளாஸ்கோ பக்கம் நடந்து 2000ல வந்த ஆய்வுல, ஸ்டாஃப்க்கு ஊசி குடுத்த இடங்கள்ல முதியவங்க இறப்பு 22.4க்கு பதிலா 13.6 சதவீதம்னு வந்துச்சு, பின்னாடி எல்லா ஆய்வையும் சேர்த்து அலசினவங்க ஆதாரம் பலமா இல்லன்னாங்க.

ஆனா நான் கண்ணால பார்த்த ஒண்ணு இருக்கு. முந்தின ஒரு பரவல் அப்போ ஸ்டாஃப்ல பாதி பேர் படுத்துட்டாங்க, மிச்சம் இருந்தவங்க ரெண்டு ஷிஃப்ட் சேர்த்து பார்த்தோம், வாய்க்கு தண்ணி குடுக்கவும் திருப்பி படுக்க வைக்கவும் ஆள் இல்லாமதான் நிறைய பேர் நலிஞ்சாங்க. இந்த தடவை ஆள் இருந்தாங்க. ஒவ்வொருத்தர் பக்கத்துலயும் உக்காந்து ஸ்பூன்ல கஞ்சி ஊட்ட நேரம் இருந்துச்சு.

இப்ப புதுசா சேர்றவங்களுக்கு அட்மிஷன் அன்னைக்கே ஊசி விவரம் கேட்டு ரிஜிஸ்டர்ல ஏத்தறோம், ஏஜென்சில இருந்து வர ஸ்டாஃப்க்கும் அதே. நோரோவைரஸ் வாந்தி பேதிக்கு மட்டும் போட ஊசி கிடையாது, சானிடைசரும் அதுகிட்ட சரியா பலிக்காது, சோப்பு போட்டு தண்ணியில கை கழுவறதுதான். நுரையீரலை பாதிக்கற ஆர்எஸ்வி வைரஸுக்கு 2023ல இருந்து வயசானவங்களுக்கு ஊசி வந்திருக்கு, அதுக்கு குடும்பங்களுக்கு போன் பண்ண ஆரம்பிச்சிருக்கோம்.