பந்து கைநழுவும்போது தவறு யாருடையது?

வேலை நிமித்தமாகச் சிகாகோவில் தங்கியிருந்த ஒரு குளிர்காலத்தில்தான் பின்பால் (pinball) இயந்திரங்களோடு, அதாவது சரிந்த பலகையில் உருளும் பந்தைக் கீழே விழாமல் காத்துப் புள்ளி சேர்க்கும் விளையாட்டுப் பெட்டிகளோடு, எனக்கு உண்மையான பழக்கம் ஏற்பட்டது. அருகிலிருந்த விளையாட்டுக் கூடத்தில் பதினைந்து இயந்திரங்கள் வரிசையாக நின்றன. எல்லாவற்றிலும் ஏறத்தாழ 80 கிராம் எடையுள்ள அதே எஃகுப் பந்து, அதே சரிந்த பலகை. ஆயினும் சிலவற்றின் முன் ஒருமுறை நின்றதோடு சரி. ஒன்றிடம் மட்டும் சில்லறை தீரும்வரை திரும்பத் திரும்பப் போனேன். பந்தை இழந்த நொடியில் "இயந்திரம் ஏமாற்றிவிட்டது" என்று தோன்றாமல், "நான் சற்று முந்திவிட்டேன்" என்று தோன்றச் செய்வதுதான் நல்ல வடிவமைப்பு என்பதை அதனிடமே கற்றுக்கொண்டேன்.

அந்த எண்ணம் தோன்ற, ஆடுபவர் கையில் ஏதாவது இருக்க வேண்டும். 1947இல் காட்லீப் நிறுவனத்தின் 'ஹம்ப்டி டம்ப்டி' வரும்வரை ஃபிளிப்பர்கள், அதாவது பொத்தானை அழுத்தினால் பந்தை மேலே அடித்து அனுப்பும் சிறு துடுப்புகள், கிடையா; பந்தை உந்திவிட்டபின், பெட்டியை லேசாகத் தட்டி அதன் போக்கைத் திருப்பப் பார்க்கலாம், அவ்வளவுதான். பின்பாலைச் சூதாட்டம் என்று கருதி நியூயார்க் நகரம் விதித்திருந்த தடை 1976வரை நீடித்தது. அந்த ஆண்டு ரோஜர் ஷார்ப் என்பவர், இது அதிர்ஷ்டமன்று, திறமையே என்று காட்ட நகர மன்றக் குழுவின் முன் விளையாடி, பந்து எந்த வழியாக இறங்கும் என்று முன்கூட்டியே சொல்லி, அவ்வாறே இறக்கிக் காட்டினார்.

என்னைக் கட்டிப்போட்ட இயந்திரம், பிரையன் எடி வடிவமைத்து வில்லியம்ஸ் நிறுவனம் 1997இல் வெளியிட்ட 'மெடீவல் மேட்னஸ்'. பலகையின் நடுவே, சற்று உள்ளே தள்ளி, ஒரு கோட்டை நிற்கிறது. அதன் முன் தூக்குப்பாலம் மூடிக்கிடக்கிறது. என்ன செய்ய வேண்டும் என்று எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பாலத்தைச் சில முறை அடித்தால் அது இறங்கும். பின்னாலிருக்கும் கம்பிக் கதவையும் அடித்துத் திறந்து பந்தை உள்ளே செலுத்தினால், கோபுரங்கள் ஆடிச் சரியும், முழக்கம் கேட்கும். அடுத்தடுத்த கோட்டைகளுக்கு அடிகள் கூடுதலாகத் தேவைப்படும்.

ஆனால் அந்த இலக்கு எளிதாகத் தெரிகிறதே தவிர, எளிதானதன்று. பந்து ஃபிளிப்பரில் உருண்டு வரும்போது, அடிப்பகுதியில் இருக்கையில் பொத்தானை அழுத்தினால் ஒரு கோணத்திலும், நுனியை நெருங்கியபின் அழுத்தினால் வேறொரு கோணத்திலும் பாயும். மூடிய பாலத்தில் மோதும் பந்து, பல வேளைகளில் வந்த வேகத்திலேயே திரும்பி இரண்டு ஃபிளிப்பர்களுக்கும் இடையிலான பள்ளத்தை நோக்கி வருகிறது. மிகவும் ஆசைப்படும் இடமே மிகவும் ஆபத்தான இடமாக இருப்பதும், அந்த ஆபத்து முன்பே கண்ணுக்குத் தெரிவதும்தான் இதன் அழகு என்பேன். பக்கவாட்டில் இருக்கும் சரிவான ரேம்ப்களோ, சரியாக அடித்தால் பந்தை வழுக்கிக்கொண்டு ஏற்றி மீண்டும் ஃபிளிப்பரிடமே ஒப்படைக்கும். அந்தச் சீரான ஓட்டத்தில் கை தாளம் பிடித்துவிடுகிறது.

என் கருத்துக்கு முரணாகத் தோன்றும் இயந்திரமும் உண்டு. பாட் லாலர் வடிவமைத்த 'தி ஆடம்ஸ் ஃபேமிலி' (1992) பலகைக்கு அடியில் காந்தங்களை ஒளித்துவைத்துப் பந்தின் பாதையைக் குலைக்கிறது. இருந்தும் 20,000க்கும் மேற்பட்டவை விற்றன. சில ஆட்டங்களுக்குப் பின் எனக்கு ஒன்று புரிந்தது. காந்தங்கள் இருக்கும் இடம் மாறுவதில்லை. அந்த வழியைத் தவிர்ப்பதா, துணிவதா என்பது நம் முடிவாகிவிடுகிறது. அதே கூடத்தில் இருந்த வேறோர் இயந்திரத்திலோ, நன்றாக அடித்த பந்தும் ஓர வழியில் புகுந்து மறைந்தது. தடுக்க நான் செய்யக்கூடியது ஏதும் இல்லை. மூன்றாம் பந்தோடு அதை விட்டு விலகினேன்.

ஊர் திரும்புவதற்கு முந்தைய மாலை, தூக்கிப் பிடித்த ஃபிளிப்பரில் பந்தைத் தாங்கி நிறுத்தி, பாலத்தைப் பார்த்து ஒரு மூச்சு விட்டு, பந்தை உருளவிட்டு அடித்தேன். சற்றுத் தாமதம். பந்து பாலத்தின் ஓரத்தில் பட்டு நேராகக் கீழே இறங்கியது. சட்டைப்பையில் இன்னும் நான்கு நாணயங்கள் இருந்தன.