விட்டமில்லாத வீடு

"ஏண்டி, குழந்தையை எங்கே போட்டிருக்கே?"

வீடியோ அழைப்பில் அம்மா பதறினாள். எனக்குப் பின்னால் பால்கனியில் தள்ளுவண்டி நின்றது அவள் கண்ணில் பட்டுவிட்டது. அதற்குள் என் நான்கு மாதப் பிள்ளை. வெளியே மைனஸ் 6 டிகிரி.

"தூங்குறாம்மா."

"பனியிலயா?" அதற்கு மேல் அவளால் பேச முடியவில்லை. அழுதுவிட்டாள்.

அம்மாவைக் குறை சொல்ல மாட்டேன். விளக்கு வைக்கும் நேரத்துக்கே பிள்ளைக்குக் காதை மூடித் துணி கட்டி, ஜன்னலைச் சாத்திவிடும் கும்பகோணத்து வீட்டில் வளர்ந்தவள் நான். ஃபின்லாந்தின் எஸ்போவுக்கு வந்த புதிதில், காபிக் கடை வாசலில் வரிசையாக நின்ற தள்ளுவண்டிகளுக்குள் குழந்தைகள் தூங்குகிறார்கள் என்று தெரிந்தபோது எனக்கும் அடிவயிறு கலங்கியது.

இங்கே அது தலைமுறைகளாக வரும் வழக்கம். தாய்சேய் நல நிலையத்தை நெவ்வோலா என்கிறார்கள். அங்குள்ள செவிலியர் பொறுமையாகச் சொல்லித் தந்தார். உள்ளே கம்பளி, மேலே கனமான தூக்கப்பை, முகம் மட்டும் வெளியே. அவ்வப்போது பிடரியில் விரலை வைத்துப் பார், கதகதப்பாக இருந்தால் சரி. மைனஸ் 10-க்குக் கீழே போனால் வேண்டாம். வீட்டுக்குள் 40 நிமிடம்கூடத் தூங்காதவன் அந்தக் குளிரில் இரண்டரை மணி நேரம் அசையாமல் தூங்கினான். முதல் நாள் பத்து தடவை போய்ப் பிடரியைத் தொட்டேன்.

பகல் சரியாகிவிட்டது. ராத்திரிதான் பெரும்பாடு.

பிரசவத்துக்கு முன்பே கெலா என்கிற சமூகக் காப்பீட்டு நிறுவனத்திலிருந்து அரசாங்கத்தின் தாய்மைப் பெட்டி வந்திருந்தது. 1938-இல் ஏழைத் தாய்மாருக்கென்று தொடங்கி, 1949 முதல் எல்லாருக்கும் தருகிறார்கள். உடுப்பு, கம்பளி எல்லாம் உண்டு. அடியில் சின்ன மெத்தை. துணிகளை எடுத்துவிட்டால் பெட்டியே குழந்தைக்குப் படுக்கை. தலையணை கிடையாது, மேலே தளர்வாக எதுவும் கூடாது, மல்லாக்கத்தான் போட வேண்டும். அப்படிப் போட்டால் என் பிள்ளை கூரையைப் பார்த்துக்கொண்டே வீறிடுவான்.

எனக்குத் தூளி வேண்டும். அவ்வளவுதான். அம்மாவின் பழைய சுங்குடிச் சேலையை ஊரிலிருந்து பயணப் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்திருந்தேன். துவைத்துத் துவைத்து வெண்ணெய் மாதிரி ஆன சேலை. அதைக் கட்ட இந்த வீட்டில் ஒரு விட்டம் இல்லை, கொக்கி இல்லை. காங்கிரீட் கூரை, வாடகை வீடு, துளை போடக் கூடாது. என் கணவர் நாற்காலி மேல் ஏறி நின்று கூரையைத் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு இறங்கிவிட்டார்.

நெவ்வோலாவில் இதைச் சொல்லி ஆதங்கப்பட்டேன். செவிலியர் சிரிக்கவில்லை. கிழக்கே கரேலியாப் பக்கத்துப் பழைய பண்ணை வீடுகளிலும் கூரையில் வளைகிற கழியைப் பொருத்தி அதில் தொட்டிலைத் தொங்கவிடுவார்கள் என்றார். ஆனாலும் ராத்திரிக்குத் தட்டையான படுக்கைதான் என்பதில் உறுதியாக இருந்தார். துணிக்குள் உடம்பு வளைந்து, மோவாய் நெஞ்சில் முட்டினால் சின்னக் குழந்தைக்கு மூச்சு முட்டுமாம். காரணம் புரிந்தது. மனசுதான் கேட்கவில்லை. அதே தூளியில்தானே நானும் என் தம்பியும் வளர்ந்தோம்!

ஆறு மாதம் தாண்டியதும் அவரே ஒரு வழி சொன்னார். தஸ்ஸுத்துஸ். தஸ்ஸு என்றால் விலங்கின் பாதம். அழுதால் தூக்காமல், உள்ளங்கையைக் குழந்தை மேல் பதித்து மெல்லத் தட்டுவது, அடங்கியதும் கையை எடுப்பது, மறுபடி அழுதால் மறுபடி கை. நடு ராத்திரி இருட்டில் தட்டத் தொடங்கினேன். இரண்டாம் ராத்திரியே என் கை பாட்டியின் தாளத்துக்குப் போய்விட்டது. இரண்டு தட்டு, ஒரு நிறுத்தம். பாட்டி முற்றத்துத் தூணில் சாய்ந்து பூக்கட்டுவாள். தம்பியின் தூளியிலிருந்து வரும் கயிறு அவள் கால் கட்டைவிரலில். அழுகை குறையக் குறையக் கால் மெதுவாகும். கொக்கியின் கிரீச் சத்தமும் மெதுவாகும். வாயில் ஆராரோ ஓடிக்கொண்டே இருக்கும், கண் பூவில்.

ஆறாம் ராத்திரி அவன் ஐந்து மணி நேரம் ஒரே மூச்சாகத் தூங்கினான். இந்த ஊர் பழகிவிட்டது என்று கணவரிடம் சொன்னேன். சொல்லிவிட்டுப் படுக்கப் போகவில்லை. பயணப் பெட்டியைத் திறந்து சேலையை எடுத்து, முகத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அம்மா வீட்டுச் சாம்பிராணி இன்னும் கொஞ்சம் மிச்சமிருந்தது.

பிப்ரவரியில் அம்மா கூப்பிட்டாள்.

"எங்கே அவன்?"

"பால்கனியில, தூங்குறான்."

கொஞ்ச நேரம் சத்தமில்லை.

"பிடரியைத் தொட்டுப் பாத்தியா?" என்றாள்.