சீக்கிரம் இருட்டும் நாள் டிசம்பர் 21 இல்லை

வடக்கு அரைக்கோளத்தில் டிசம்பர் 21 அல்லது 22-தான் ஆண்டின் மிகக் குறுகிய பகல். அப்படியானால் அன்றைக்குத்தான் சூரியனும் எல்லா நாளையும்விடச் சீக்கிரம் மறையும் என்று பல வருஷம் நம்பியிருந்தேன். அப்படி இல்லை. லண்டனில் டிசம்பர் 12 வாக்கிலேயே அந்த நாள் வந்துவிடுகிறது, அப்புறம் மாலை மெல்லத் தள்ளிப்போகிறது. ஆனால் விடியலும் டிசம்பர் கடைசி வரை தாமதமாகிக்கொண்டே போகிறது.

முதலில் பகல் ஏன் நீள்கிறது என்று பார்ப்போம். ஒரு பந்தை எடுத்து, நடுவில் ஒரு வட்டம், மேலே கொஞ்சம் தள்ளி ஒன்று, உச்சிக்குப் பக்கத்தில் சின்னதாக ஒன்று என்று பேனாவால் வரைந்துகொள்ளுங்கள். பந்துதான் பூமி; பூமி ஒரு நாளில் சுழலும்போது ஓர் ஊர் போகும் பாதைதான் ஒவ்வொரு வட்டமும், அதில் வெளிச்சம் விழும் பங்குதான் அந்த ஊரின் பகல். இருட்டறையில் ஒரு விளக்கின் எதிரே பந்தின் உச்சியை விளக்கின் பக்கம் கொஞ்சம் சாய்த்துப் பிடித்தால், நடு வட்டத்தில் வெளிச்சமும் நிழலும் சரிபாதியாக விழும். மேலே உள்ள வட்டத்தில் பாதிக்கு மேல் வெளிச்சம். உச்சி வட்டம் முழுக்கவே வெளிச்சத்துக்குள் போய்விடும். பூமியின் அச்சு 23.4 டிகிரி சாய்ந்திருப்பது செய்யும் வேலை இவ்வளவுதான். பந்தை எதிர்ப்பக்கம் சாய்த்துப் பாருங்கள், குளிர்காலம் தெரியும்.

அதனால்தான் நிலநடுக்கோட்டை ஒட்டிய சிங்கப்பூரில் மிக நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் பத்து நிமிட வித்தியாசம்கூட இல்லை. லண்டனில் 16 மணி 38 நிமிடத்திலிருந்து 8 மணி நேரத்துக்கும் கீழே இறங்கிவிடுகிறது. நார்வேயின் டிரோம்சோவில் மே 20 வாக்கிலிருந்து ஜூலை கடைசி வாரம் நெருங்கும் வரை சூரியன் மறைவதே இல்லை.

இந்த மாற்றம் ஒரே வேகத்தில் நடப்பதில்லை, எனக்கு மிகவும் பிடித்த விஷயமும் இதுதான். மார்ச், செப்டம்பர் சமபகலிரவு நாட்களை ஒட்டி லண்டனில் பகல் தினமும் கிட்டத்தட்ட நான்கு நிமிடம் மாறும். டிசம்பர் 21-ஐ ஒட்டியோ வெறும் சில விநாடிகள்.

இப்போது டிசம்பர் 12-க்கு வருவோம். ஒரு நண்பகலிலிருந்து அடுத்த நண்பகல் வரை, அதாவது சூரியன் உச்சிக்கு வந்து மறுபடி உச்சிக்கு வர, எப்போதும் சரியாக 24 மணி நேரம் ஆவதில்லை. டிசம்பர் கடைசியில் அரை நிமிடம் கூடுதலாகும். அச்சின் சாய்வு ஒரு காரணம். ஜனவரித் தொடக்கத்தில் பூமி சூரியனுக்கு மிக அருகில் வருவதால் அப்போது வேகமாக ஓடுவது இன்னொன்று. ஆகவே கடிகாரப்படி நண்பகல் தினமும் அரை நிமிடம் தள்ளிப்போகும், உதயத்தையும் அஸ்தமனத்தையும் தன்னோடு இழுத்துக்கொண்டு. பகலின் நீளம் சில விநாடிகளே மாறும் நாட்களில் இந்த இழுப்புதான் ஜெயிக்கிறது.

நிலநடுக்கோட்டை நெருங்க நெருங்க பகலின் நீளம் குறைவாகவே மாறுவதால் இழுப்பின் கை இன்னும் ஓங்குகிறது. 13 டிகிரி வட அட்சரேகையில் சீக்கிரம் இருட்டும் நாள் நவம்பரிலேயே வந்துவிடும். மிகத் தாமதமாக விடியும் நாளோ ஜனவரி பாதி தாண்டித்தான் வரும்.