ஒரு வாளி மணலும் மரகதத்தின் 27 முட்டைகளும்

ஆடி பிறந்து நாலாம் நாள் காலையில் எங்கள் வீட்டுப் பச்சோந்தி மரகதம் கூண்டின் தரையில் நடந்துகொண்டிருந்தாள். மணி பிளான்ட் கொடியைவிட்டு லேசில் இறங்காதவள். மூலைக்கு மூலை போய்ப் பிளாஸ்டிக் தட்டைப் பிறாண்டுவதும், வலையைப் பிடித்து ஏறுவதும், மறுபடி இறங்குவதுமாக இருந்தாள். மூன்று நாளாகப் பூச்சியைத் தொடவில்லை. கரும்பச்சை உடம்பில் மஞ்சளும் நீலமுமாகப் புள்ளிகள். வயிறு கோலிக்குண்டு போட்ட பை மாதிரி மேடும் பள்ளமுமாகத் தெரிந்தது.

மரகதம் பெண் பச்சோந்தி. நம் ஊர் வேலியில் ஆடி ஆடி நடக்குமே, அந்த இனம் இல்லை. அதைப் பிடித்து வீட்டில் வைத்தால் 1972-ஆம் வருட வனவிலங்குச் சட்டப்படி குற்றம். இவளுக்குப் பூர்வீகம் ஏமன், சவுதிப் பக்கம். வெய்ல்டு கமீலியன் என்பார்கள். தலையில் மீன் துடுப்பு போல ஒரு கொண்டை. சென்னையில் மச்சான் குஞ்சிலிருந்து வளர்த்தார். வேலை கிடைத்து வெளிநாடு போகும்போது எங்கள் தலையில் கட்டிவிட்டார். இந்த மாதிரி அயல்நாட்டு உயிர்களை மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிய வேண்டும் என்று 2024-இல் விதி வந்திருக்கிறது. கைமாறியதையும் அதில் பதிந்த பிறகுதான் அவள் கும்பகோணம் வந்தாள்.

கூண்டில் நான் குறை வைக்கவில்லை என்றுதான் நினைத்திருந்தேன். ஜன்னலுக்குக் கொசுவலை அடிப்பவரிடம் சொல்லி, அலுமினியச் சட்டத்தில் இரண்டடிக்கு இரண்டடி, நாலடி உயரத்தில் செய்தது. நாலு பக்கமும் வலை; காற்று ஓட வேண்டும். உள்ளே தொட்டிகளில் மணி பிளான்ட், ஃபைகஸ், ஒரு செம்பருத்தி. இந்த இனம் பூச்சியோடு இலையையும் கடித்துத் தின்னும். அதனால் மருந்து அடித்த நர்சரிச் செடியைத் தண்ணீரில் நன்றாகக் கழுவி, மண்ணை மாற்றி, ஒரு மாதம் வெளியே வைத்திருந்துதான் உள்ளே விட்டேன். வாசலில் இருந்த அரளியை அம்மா அழகுக்கு வைக்கச் சொன்னார். அரளி விஷம், பேச்சுக்கே இடமில்லை.

பச்சோந்திக்குக் கிண்ணத்தில் தண்ணீர் வைத்தால் பெரும்பாலும் அது கண்ணிலேயே படாது. இலையில் சொட்டு விழுந்து மினுங்கினால்தான் நாக்கை நீட்டும். மருந்துக் கடையில் புதிய சலைன் செட் வாங்கி, ஒரு பாட்டிலில் மாட்டி, செம்பருத்தி இலைமேல் சொட்டவிட்டேன். மச்சான் ஏசி அறையில் நாலு வேளை தண்ணீர் தெளித்தாராம். நம் ஆற்றங்கரை ஈரத்துக்கு விடியலில் ஒரு தரம், விளக்கணைத்த பிறகு ஒரு தரம் போதும். நடுவில் இலை காய வேண்டும். எந்நேரமும் சொதசொதவென்று இருந்தால் நுரையீரலில் சளி கட்டிவிடும். மேலே புறஊதா டியூப் லைட் ஒன்று. அது இல்லாவிட்டால் எவ்வளவு கால்சியம் தூவினாலும் எலும்பில் ஒட்டாது. எறும்புக்கு, பாட்டி காலத்துப் பலகார அலமாரி மாதிரி, நாலு காலுக்கும் தண்ணீர்க் கிண்ணம். வயலில் பிடித்த வெட்டுக்கிளி மட்டும் கிடையவே கிடையாது. குறுவைக்கு என்ன மருந்து எப்போது அடித்தார்கள் என்று யாருக்குத் தெரியும்?

இவ்வளவும் செய்தவன், அவள் முட்டையிடத் தோண்டுவதற்கு மணல் வைக்கவில்லை.

"ஜோடியே இல்லாம எப்படிடா முட்டை?" என்று அம்மா கேட்டார். அதற்கு அப்பாயிதான் பதில் சொன்னது: "ஏன், நாமக்கல்லு கோழியெல்லாம் சேவலப் பாத்துட்டா போடுது?"

அதேதான். இந்த இனத்தில் பெட்டை வளர்ந்துவிட்டால் ஆணே இல்லாமலும் முட்டை கட்டும். தோண்ட இடம் கிடைக்காவிட்டால் இடாமல் அடக்கிவைத்துக்கொள்ளும், அது உயிரையே வாங்கிவிடும். உள்ளூர்க் கால்நடை மருத்துவர், "மாடு, ஆடு, நாய்னா சொல்லுங்க தம்பி, இதுல எனக்குப் பழக்கமில்ல" என்று நேர்மையாகச் சொல்லிவிட்டார். மச்சானுக்குப் பழக்கமான சென்னை மருத்துவர் வீடியோவில் பார்த்தார். "ஒரு அடி ஆழத்துக்கு ஈர மணல் வைங்க. தோண்டியும் போடலைன்னாலோ, கண்ணை மூடிட்டுச் சோர்ந்து உக்காந்தாலோ உடனே வண்டி ஏத்துங்க" என்றார்.

காவிரிக் கரையில் இருந்துகொண்டு ஒரு வாளி ஆற்று மணலுக்கு நான் அலைந்த அலைச்சல் இருக்கிறதே! மேட்டூர்த் தண்ணீர் வந்து அரசலாறு நிறைந்து ஓடுகிறது. வற்றிக் கிடந்தாலும் நாமாகப் போய் அள்ள முடியாது. தெருவில் வீடு கட்டும் மூன்று இடங்களிலும் எம்-சாண்ட். கையில் எடுத்தால் கல்லுடைத்த தூள், முனையெல்லாம் கூர். விரலால் குழி போட்டால் சரிந்தது. கடைசியில் சித்தி வீட்டுக் கொல்லையில், பத்து வருஷத்துக்கு முன் வீடு கட்டி மிச்சப்பட்ட குவியல் அகப்பட்டது. அந்தத் தெருப் பூனைகளுக்கெல்லாம் அதுதான் கக்கூஸ். மேலாக்கை ஒதுக்கி, அடியிலிருந்து எடுத்து, சலித்து, ஆறு தண்ணீர் கழுவி, பழைய இரும்புச் சட்டியில் வறுத்தேன். "கடலையையும் போட்டு வறுத்துடு, சாயங்காலத்துக்கு ஆச்சு" என்றது அப்பாயி.

அவசரத்துக்கு முதலில் ஒரு தட்டையான டப்பாவில் நாலு விரல் ஆழம் போட்டுப் பார்த்தேன். தோண்டினாள், நகம் பிளாஸ்டிக்கில் தட்டியது, ஏறிப் போய்விட்டாள். அப்புறம் 20 லிட்டர் பெயிண்ட் வாளியைக் கழுவி, 25 சென்டிமீட்டர் உயரத்துக்கு மணல் நிரப்பினேன். ஈரம்தான் சூட்சுமம். பிடித்தால் உருண்டை நிற்க வேண்டும், பிழிந்தால் தண்ணீர் சொட்டக் கூடாது. சின்ன வயதில் ஆற்று மணலில் கைவிட்டுக் குகை பண்ணுவோமே, அந்தப் பதம். விரலால் ஒரு குழி தொடக்கிவைத்து, ஏறி இறங்க ஒரு கிளையைச் சாய்த்து, கூண்டைச் சுற்றி அம்மாவின் பழைய புடவையைக் கட்டினேன்.

அன்று சாயங்காலம் இறங்கினாள். புடவை ஓரத்தில் பார்த்தபோது வால் மட்டும் வெளியே. உள்ளேயிருந்து பின்னங்காலால் மணலைத் தள்ளுகிறாள், கொஞ்சம் நிறுத்துகிறாள், மறுபடி தள்ளுகிறாள். அதோடு நான் போயிருக்க வேண்டும். ராத்திரி ஆர்வம் தாங்காமல் செல்போன் டார்ச்சை அடித்தேன். கோபுரம் மாதிரித் துருத்திய கண் இரண்டும் என் பக்கம் திரும்பின. உடம்பெல்லாம் கறுத்து, குழியை அப்படியே விட்டுவிட்டு மேலே ஏறிவிட்டாள். மறுநாள் முழுக்க இறங்கவில்லை. அந்த ஒரு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை என்பது மிகையில்லை. மச்சானிடம் வேறு வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

மூன்றாம் நாள் வாளியின் மறுபக்கத்தில் புதிதாக ஆரம்பித்தாள். இந்தத் தடவை வீட்டில் யாரும் அந்த அறைக்கே போகவில்லை. அதற்கு அடுத்த நாள் மதியம் பார்த்தால் மணல் சமமாக மூடிக் கிடக்கிறது, தட்டிக் கொடுத்த மாதிரி. மரகதம் சொட்டு நீருக்குக் கீழே, முகமெல்லாம் மண்ணாக. கால்மணி நேரத்துக்கு மேல் விடாமல் குடித்தாள். சமையலறைத் தராசில் இட்லித் தட்டை வைத்து நிறுத்தேன். 121 கிராம் இருந்தவள் 84.

மணலைக் கையால் மெதுவாக விலக்கினேன். அடிமட்டத்தில், வாளியின் சுவரை ஒட்டி, வெள்ளையாக, டிக்-டாக் மிட்டாயைப் பெரிதாக்கின மாதிரி 27 முட்டைகள். கருவில்லாதவை, குஞ்சு வராது. வாழைமரத்தடியில் புதைத்தேன். ஒரு வாரத்துக்குக் கால்சியம் தூவிய பூச்சி தினமும், தண்ணீர் இரண்டு மடங்கு. அதற்கப்புறம் தீனியைக் குறைத்து ஒருநாள் விட்டு ஒருநாள் மூன்று பூச்சி என்று வைத்திருக்கிறேன். வெயில் காயும் கிளையில் சூடு 27 டிகிரிக்கு மேல் போகாமல், சூட்டுக்கு வைத்த விளக்கையும் உயரத் தூக்கி மாட்டிவிட்டேன். தின்னத் தின்ன முட்டையும் அதிகம் கட்டுமாம், சூடும் அதற்குத் துணை. எனக்கு அது முன்பே தெரிந்திருந்தால், அவள் வாயைத் திறக்கும்போதெல்லாம் பட்டுப்புழுவை நீட்டியிருக்க மாட்டேன்.

வாளி இப்போது கூண்டுக்குள்ளேயே நிரந்தரம். வாரம் ஒரு தரம் தண்ணீர் தெளித்துப் பதம் பார்க்கிறேன். அப்பாயி தினமும் காலையில் காபியோடு வந்து எட்டிப் பார்த்து, "போட்டுச்சா?" என்று கேட்டுவிட்டுப் போகிறது.