எஃப் கார்டும், பெயர் மட்டும் இருந்த எங்கள் பேண்டும்

15 வயதில் என் கைக்கு வந்த கிட்டார், உறவினர் ஒருவர் கற்றுக்கொள்ள ஆசைப்பட்டு வாங்கி, பாதியில் விட்டு மூலையில் சாத்தி வைத்திருந்தது. துருப்பிடித்த தந்திகள் பலகையை விட்டு அவ்வளவு தூரம் விலகி நின்றன. 12வது ஃப்ரெட்டில் (பலகையின் குறுக்கே பதித்திருக்கும் உலோகக் கம்பிகள்தான் ஃப்ரெட்) இடைவெளி இரண்டு, இரண்டரை மில்லிமீட்டர் இருந்தால் போதும் என்பதெல்லாம் அப்போது யார் கண்டது? விரல் நுனி எரிந்தால்தான் கிட்டார் வரும்போல என்று அழுத்து அழுத்து என்று அழுத்தினேன். சில வாரங்களில் தோல் காய்த்துப்போனதும் வகுப்பில் எல்லோரையும் தொட்டுப் பார்க்கச் சொன்னேன். வாசிக்கத்தான் தெரியாது, காட்டுவதற்கு அதாவது இருந்ததே.

அதைவிடப் பெரிய கூத்து, சுருதி சேர்த்தது. ஒரு தந்தியை 5வது ஃப்ரெட்டில் அழுத்தினால் அடுத்த தந்தியின் ஒலி வரவேண்டும் என்று சொல்லிக்கொடுத்திருந்தார்கள். ஜி தந்தியில் மட்டும் அது 4வது ஃப்ரெட் என்பதை அவர்கள் சொல்ல மறந்தார்களா, நான்தான் காதில் வாங்கவில்லையா, தெரியாது. விளைவு, பி தந்தியும் அதற்கடுத்த மெல்லிய ஈ தந்தியும் அரை ஸ்வரம் ஏறியே கிடந்தன. எந்தக் கார்டை, அதாவது ஒன்றாகச் சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டைப் பிடித்தாலும் அபஸ்வரம், நானோ என் விரல்களைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

அப்புறம் எஃப். ஆள்காட்டி விரலால் ஆறு தந்தியையும் ஒன்றாக அழுத்த வேண்டும், அதுவும் முதல் ஃப்ரெட்டில், தந்திகளைத் தாங்கும் நட்டு என்கிற முனைக்கட்டைக்குப் பக்கத்திலேயே, தந்தி கொஞ்சமும் வளைந்து கொடுக்காத இடத்தில். 'டப் டப்' என்று கட்டையைத் தட்டுகிற சத்தம்தான் வந்தது. ஒருநாள் வெறுத்துப்போய் அதே பிடியை 5வது ஃப்ரெட்டுக்குத் தள்ளிப் பார்த்தால் ஏ மேஜர் கணீரென்று கேட்டது! அன்று இரவு சரியாகத் தூங்கவில்லை.

ஒரு கார்டு ஒலித்துவிட்டது, பிறகென்ன, பேண்டுதான். நாங்கள் நான்கு பேர், அதில் மூன்று பேர் கிட்டார், மூவருமே லீட், அதாவது மெட்டை முன்னின்று வாசிப்பவர்கள். தாழ்ந்த ஸ்வரங்களுக்கான பேஸ் கிட்டார் வாசிக்க ஒருவரும் வரவில்லை, நான்கு தந்திதானே என்று எல்லோருக்கும் ஓர் இளக்காரம். நான்காமவன் பெஞ்சில் தாளம் போடுவான், அதனால் அவன் டிரம்மர். பேண்டுக்குப் பெயர் வைக்க ஒரு மாதம் சண்டை போட்டோம், நோட்டின் கடைசிப் பக்கத்தில் லோகோ கூட வரைந்தாயிற்று, ஒரு பாட்டையும் முழுதாக வாசித்திருக்கவில்லை.

சேர்ந்து வாசித்த முதல் நாள்தான் குட்டு உடைந்தது. ஜி, டி, ஈ மைனர், சி, அவ்வளவுதான், தூக்கத்தில் கேட்டாலும் பிடிப்பேன். தனியாக வாசிக்கும்போது கார்டு மாற்ற நான் எடுத்துக்கொண்ட அரை நொடிக்காகப் பாட்டு காத்திருந்தது, இங்கே யாரும் காத்திருக்கவில்லை. நான் டி-க்கு வருவதற்குள் மற்ற இருவரும் ஈ மைனரில் இருந்தார்கள், அவர்களைப் பிடிக்க நான் ஓட, என்னைப் பார்த்து அவர்கள் ஓட, கடைசியில் ஏதோ பஸ்ஸைப் பிடிக்கிற வேகத்தில் பாட்டு முடிந்தது. பெஞ்ச்காரன் மட்டும் ஆரம்பித்த வேகத்திலேயே தட்டிக்கொண்டிருந்தான், நாங்கள் மூவரும் முடித்துவிட்டோம் என்பதைக் கவனிக்காமல்.