பொடிசுகள் வகுப்பு: ஆனி மாதக் குறிப்புகள்

ஜூன் 23, திங்கள்

பிள்ளைகள் தாங்களே தண்ணீர் ஊற்றிப் பழகும் வேலை தொடங்கியாச்சு. எடுத்ததும் தண்ணீர் இல்லை. கிண்ணத்துக்குக் கிண்ணம் மொச்சை மாற்றுவது, அது கைக்கு வந்தால் அரிசி, அப்புறம்தான் தண்ணீர். மொச்சையை வாயில் போட்டுவிடும் வயசு என்பதால் ஒருவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்க வேண்டும். ஜக்கில் ஒரு டம்ளர் அளவுதான் வைக்கிறோம், மொத்தமும் கவிழ்ந்தாலும் ஒரு துணிக்கு அடங்கிவிடும். அந்தத் துணி அவர்கள் கைக்கு எட்டும் ஆணியில் தொங்குகிறது. ஊற்றுவதைவிடத் துடைப்பதற்குத்தான் போட்டி!

ஜூன் 26, வியாழன்

பத்தமடையில் இருந்து சின்னக் கோரைப்பாய்கள் வந்துவிட்டன. பட்டுப்பாய் இல்லை, சாதாரணப் பாய்தான். அவரவர் பாயில் அவரவர் வேலை, முடிந்ததும் சுருட்டி வைக்க வேண்டும். இரண்டரை வயசுக்காரி ஒருத்தி சுருட்டச் சுருட்ட வலது பக்கம் முன்னால் ஓடி, பாய் கூம்பு மாதிரி ஆகிவிட்டது. நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். நான் ஜன்னலைப் பார்த்தேன். பாயைப் பிரித்து, முழங்காலால் ஒரு ஓரத்தை அமுக்கிக்கொண்டு மறுபடி சுருட்டினாள். முழங்கால் யோசனை யாரும் சொல்லிக் கொடுத்தது இல்லை.

ஜூலை 9, புதன்

நேற்று நெல்லையப்பர் கோயில் ஆனித் தேர், லீவு. பாதிப் பிள்ளைகள் தூக்கக் கலக்கத்தில் வந்தார்கள், பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. மத்தியானம் வாசலில்தான் ரகளை.

"பிள்ள பாவம்லா டீச்சர், நான் மாட்டி விடுதேன்" என்று ஒரு ஆச்சி பேரன் செருப்பைக் கையில் எடுத்துவிட்டார்.

"கொஞ்சம் பொறுங்க ஆச்சி, அவனே போடுவான்."

ஒரு யானை ஸ்டிக்கரை இரண்டாக வெட்டி ஆளுக்குப் பாதியாக ரெண்டு செருப்பிலும் ஒட்டியிருக்கிறோம். சரியாக வைத்தால் யானை முழுசாகும். அவன் வைத்தான், தும்பிக்கை வெளிப்பக்கம் போனது, மாற்றி வைத்தான். பட்டையை ஒட்டுவதற்குள் ஆட்டோக்காரர் மூன்று தடவை ஹாரன் அடித்துவிட்டார். அவர் அவசரம் அவருக்கு.

ஜூலை 11, வெள்ளி

ஒரு அப்பா கேட்டார், இதெல்லாம் வெளிநாட்டுப் பாடம்தானே என்று. இந்த முறையை மாண்டிசோரி அம்மையார் 1907இல் ரோமில் ஆரம்பித்தது உண்மைதான், ஆனால் 1939இல் அடையாறுக்கே வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தவர். நம்ம ஊர் அம்பாசமுத்திரம் சொப்புச் சாமானும் பிள்ளை கைக்கு ஏற்ற அளவுதான், எனக்கும் ரொம்பப் பிடிக்கும். ஆனால் அதில் சோறு பொங்காது, பிள்ளைக்கு நிஜ டம்ளர் நிஜத் தண்ணீர்தான் வேண்டியிருக்கிறது.

செருப்பு ஆச்சி இன்றைக்கு வேறு கேள்வியோடு வந்தார்: "தானா சாப்பிட விட்டா பாதியக் கீழ போடுதானே?" கெட்டியாகப் பிசைந்து நாலு வாய் அளவு மட்டும் வைங்க, கேட்டால் மறுபடி வைங்க என்றேன். முகத்தில் நம்பிக்கை இல்லை. திங்கட்கிழமை வகுப்பில் வந்து உட்காரச் சொல்லியிருக்கிறேன், கையைக் கட்டிக்கொண்டு பார்க்க மட்டும்தான் செய்யலாம் என்று நிபந்தனை. சரி என்றிருக்கிறார். பார்ப்போம்.